வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம்: மூன்று பாட்டு, ஒரு செய்தி, ஒரே ஆள் ஜெபம். மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

முற்றத்து வெயில் (இழையைத் தொடங்கியவர்) · திங்கள் இரவு 9:52

எல்லாருக்கும் தோத்திரம். காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டில் (முன்பகுதிக்கு அடுத்த பகுதி) வாடகைக்கு இருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில்தான் குழு ஜெபம். வருகிறவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். இரண்டு நர்ஸ் தங்கச்சிகள், ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒரு ஐயா, ஆத்தங்குடி கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் பூக்கல்) பட்டறையில் வேலை செய்யும் அண்ணனும் அவர் மனைவியும், அழகப்பா யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் மூன்று பேர், பக்கத்துத் தெரு அப்பத்தா ஒருவர். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மற்றவர்கள் வந்தால் உண்டு.

நடப்பது இதுதான். மூன்று பாட்டு. நான் அல்லது என் வீட்டுக்காரர் கொஞ்சம் பேசுவோம். பிறகு ரயில்வே ஐயா ஜெபிப்பார். போன வாரம் அந்த ஜெபம் 22 நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்தது தப்புதான், ஆனால் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள். அப்பத்தா தூங்கிவிட்டார்.

கிதார், கீபோர்டு, ப்ரொஜெக்டர் எதுவும் கிடையாது. வீட்டுக்கார ஆச்சி முதல் கட்டில் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் எட்டரைக்கு முடித்துவிட வேண்டும் என்பது ஆரம்பத்திலேயே பேசிய பேச்சு. இந்த அளவுக்குள் எல்லாரும் பங்கெடுக்கிற மாதிரி ஆராதனை செய்ய என்ன வழி? இணையத்தில் தேடினால் வெளிநாட்டுச் சபைகளுக்கு எழுதினதுதான் வருகிறது. பலூன் ஊது, கம்பளி நூலைச் சுற்று என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை.

---

தேவகோட்டை ரஸ்தா · திங்கள் இரவு 10:31

அக்கா, நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பக்கம் இதற்கு அன்பியம் என்று பெயர். பத்து இருபது குடும்பம் சேர்ந்து வீடு மாற்றி வீடு கூடுவோம். நாங்கள் பயன்படுத்துவது, நற்செய்தியைச் சேர்ந்து வாசித்து ஜெபிக்கிற ஏழு படி முறை. தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற நிலையத்தில் உருவானது. ஏழையும் இங்கே எழுதினால் பாடப் புத்தகம் ஆகிவிடும். மூன்றாவது படி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் எங்கள் குழுவையே மாற்றியது.

நற்செய்திப் பகுதியை ஒருவர் வாசித்து முடித்ததும் யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. மனசில் தைத்த ஒரு சொல்லையோ சின்ன வாக்கியத்தையோ இருந்த இடத்திலிருந்தே ஒருவர் சத்தமாகச் சொல்வார், மூன்று முறை, இடையில் கொஞ்சம் மௌனம் விட்டு. அவ்வளவுதான். பிறகு இன்னொருவர் வேறு சொல். ஏன் அந்தச் சொல் என்று யாரும் கேட்கக் கூடாது.

முதல் வாரம் எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது, ஒரு பையன் சிரித்தேவிட்டான். நான்காவது வாரம், எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருப்பவர், அதுவரை அன்பியத்தில் வாயே திறக்காதவர், "பயப்படாதே" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை குரல் போய்விட்டது. ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

படிக்கத் தெரியாதவருக்கும் இது சரிப்படும். காதால் கேட்டால் போதும்.

---

பழைய பாமாலை · செவ்வாய் காலை 6:05

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. ஆராதனை என்பது கர்த்தருக்குச் செய்வது. நமக்குப் போரடிக்கிறது என்பதற்காக அதில் புதுமை புகுத்துவது சரியா? "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது" என்று 1 கொரிந்தியர் 14:40 சொல்கிறது. இன்றைக்கு மெழுகுவர்த்தி, நாளைக்குக் களிமண், மறுநாள் நாடகம். எங்கே போய் நிற்கும்? வாலிபர் கூட்டத்துக்கு வேண்டுமானால் சரி.

---

நைட் டூட்டி · செவ்வாய் காலை 7:40

ஐயா, அதே அதிகாரத்தில் 26ஆம் வசனமும் இருக்கிறதே? கூடிவரும்போது ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம் பண்ணுகிறான் என்று பவுல் அடுக்குகிறார். ஆளுக்கொன்று கொண்டுவருகிறார்கள். கொரிந்துவில் பிரச்சினையே எல்லாரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்ததுதான். அதனால்தான் 40ஆம் வசனம் தேவைப்பட்டது. நம் வீட்டுக் கூட்டங்களில் பிரச்சினை நேரெதிர், ஒருவர் மட்டும் கொண்டுவருகிறார்.

நானும் நர்ஸ்தான், வேறு ஊர். டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய பாமாலை · செவ்வாய் காலை 8:15

26ஐ நான் மறக்கவில்லை அம்மா. யோசிக்கிறேன்.

---

ஓரியூர் மணல் · செவ்வாய் மதியம் 1:20

நான் தேவகோட்டை தே பிரித்தோ பள்ளியில் படித்தவன், அதனால் இயேசு சபைக்காரர்களின் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லித்தந்த அன்றாட ஆய்வு. எங்கள் குழுவில் "கணக்குப் பார்க்கிறது" என்போம். பேரேடு, ஐந்தொகை என்று வாழ்ந்த சீமை இது, அந்தச் சொல் உடனே பிடித்துக்கொண்டது. விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் மெதுவாக வழிநடத்துவார். இன்று வரவு என்ன, நன்றி சொல். கடவுளே, வெளிச்சம் காட்டும். காலையிலிருந்து இந்த நேரம் வரை ஒவ்வொன்றாக நினைத்துப் பார். எங்கே தவறினாய், மன்னிப்புக் கேள். நாளைக்கு என்ன உதவி வேண்டும், கேள். பத்து நிமிடம் போதும். மூன்றாவதில் அவசரப்படக் கூடாது, குறைந்தது நான்கு நிமிடம் விட வேண்டும்.

அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை ஒரு வேன் பிடித்து ஓரியூர் போவோம். அருளானந்தர், அதாவது அதே தே பிரித்தோ, 1693 பிப்ரவரி 4ஆம் தேதி தலை வெட்டுண்ட இடம். செம்மண் தேரி மாதிரி சிவந்த மணல், அவர் ரத்தத்தால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. வேனில் பாட்டுப் போட மாட்டோம். போகும் வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி ஒரு திருப்பாடல் வாசிப்போம், திரும்பி வரும்போது யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆராதனைக்கு அறைதான் வேண்டும் என்று இல்லை.

---

கண்டனூர் பொண்ணு · செவ்வாய் மாலை 4:48

கோலம் போடலாமே? முற்றம் இருக்கிற வீடு என்கிறீர்கள். ஒரு வசனத்தை எடுத்து எல்லாரும் சேர்ந்து கோலமாக வரையலாம். ஆளுக்கு ஒரு இழை.

---

கூடாரம் · செவ்வாய் மாலை 5:10

கோலமா? சகோதரி, நாம் எதிலிருந்து வெளியே வந்தோம் என்று மறந்துவிடக் கூடாது. நடுவீட்டில் கோலம் போட்டுச் சாமி கும்பிடும் வீடுகள் நிறைந்த ஊர் இது. அதே வீட்டில் உட்கார்ந்து நாமும் கோலம் போட்டால் வருகிற புதிய விசுவாசி என்ன நினைப்பார்?

---

கண்டனூர் பொண்ணு · செவ்வாய் மாலை 5:22

கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஸ்டார் கோலம் போடாத கிறிஸ்தவ வீட்டைக் காட்டுங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமை வைத்துக் குறவஞ்சியே பாடினார். குறவஞ்சி எங்கிருந்து வந்தது? கோயிலிலும் அரண்மனையிலும் ஆடினது. 1774இல் பிறந்தவருக்கு இருந்த தைரியம் நமக்கு இல்லையா?

---

கூடாரம் · செவ்வாய் மாலை 5:31

தைரியம் வேறு, இடறல் வேறு.

---

தேவகோட்டை ரஸ்தா · செவ்வாய் மாலை 6:02

இதை இங்கேயே விட்டுவிடலாமா? கோலச் சண்டை தொடங்கினால் இழை பொங்கல் வரைக்கும் போகும். அக்கா குழுவில் யாராவது ஒருவருக்கு நெருடல் என்றால் போட வேண்டாம், யாருக்கும் இல்லையென்றால் போடலாம். அது அவர்கள் வீட்டு விஷயம்.

---

முற்றத்து வெயில் · செவ்வாய் இரவு 9:15

எங்களில் ஒருவருக்கு நெருடல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் கோலம் வேண்டாம். (தனிப்பட்ட முறையில் எனக்கு ஆசைதான்.)

---

நைட் டூட்டி · புதன் காலை 11:30

தூங்கி எழுந்து ஒழுங்காக எழுதுகிறேன். நாங்கள் செய்தது, புலம்பல் சங்கீதம் எழுதுவது. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். பிறகு கெஞ்சுகிறார். ஐந்தாவதில்தான், நானோ உம்முடைய கிருபையை நம்பியிருக்கிறேன் என்கிற மாதிரி திரும்புகிறார். இந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தோம். "எதுவரைக்கும்" என்று தொடங்கி இரண்டு வரி, ஒரு கெஞ்சல், முடிந்தால் ஒரு "நானோ". முடியாவிட்டால் "நானோ" எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். அது முக்கியம். துக்கத்தில் இருப்பவரை அந்த வரிக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவம். முன்பு நான் இருந்த ஒரு குழுவில் இதே மாதிரி எழுதி வாசிக்கச் சொன்னார்கள். குழந்தை இல்லாததைப் பற்றி நான் எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காக ஜெபிக்கிறோம்மா, எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருக்கிறார்" என்றார். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர் முழுக்கப் போயிருக்கிறது. மூன்று மாதம் நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

அதனால் இப்போது எங்கள் விதி: வாசிப்பது கட்டாயமில்லை, தாளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது, வாட்ஸப்பில் ஒரு வரி கூடப் போகக் கூடாது.

---

புதுவயல் மில் · புதன் மதியம் 2:05

நைட் டூட்டி அக்கா சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பெரிய வியாழன் அன்று, முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று பேசினைக் கொண்டுவந்து வைத்துக் கால் கழுவலாம் என்றார்கள். இயேசு சீடர்களின் காலைக் கழுவுகிற யோவான் 13 அருமையான பகுதிதான். ஆனால் அன்று வயலிலிருந்து நேராக வந்த ஒருவர் காலை இழுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். பெண்கள் யாருக்கு யார் கழுவுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த வருடம், முந்தின வாரமே சொல்லிவிட்டு, கால் வேண்டாம் கை கழுவலாம் என்று மாற்றினோம். ஒரு சொம்பு, ஒரு துண்டு, பக்கத்தில் இருப்பவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது. வேண்டாம் என்பவர் சொம்பை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். நன்றாக இருந்தது.

இன்னொன்று, சாப்பாடு. அன்பின் விருந்து வைக்கலாம். மொரேவியர்கள் என்ற சபையார் 1727இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் தொடங்கின பழக்கம். பாட்டு, எளிய ஆகாரம், சாட்சி, அவ்வளவுதான். இட்லியும் சட்னியும் போதும். ஆனால் அப்பம், திராட்சரசம் என்று திருவிருந்து மாதிரி நடத்திப் பார்க்காதீர்கள். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) அதை அபிஷேகம் பெற்ற ஆயர்தான் நடத்த வேண்டும். ஒரு குழுவில் சப்பாத்தியும் ஜூஸும் வைத்து "அடையாளமாக" என்று செய்துவிட்டு, சேகரத்தில் (ஆயரின் சபை நிர்வாகத்தில்) பதில் சொல்ல முடியாமல் நின்றது எனக்குத் தெரியும்.

---

கல் பட்டறை · புதன் இரவு 8:44

அக்கா, உங்கள் குழுவில் வரும் பட்டறை அண்ணன் நான் இல்லை. ஆனால் நானும் ஆத்தங்குடி வேலைதான். எங்கள் கல்லை வைத்து உவமை சொல்லாத பிரசங்கியார் இந்தப் பக்கம் கிடையாது. பெரும்பாலும் தப்பாகச் சொல்வார்கள். சூளையில் சுடுகிறோம், அக்கினியில் புடமிடுகிறோம் என்பார்கள். எங்கள் கல்லைச் சுடுவதே இல்லை.

வேலை இப்படி. கண்ணாடித் துண்டைச் சுத்தமாகத் துடைத்து வைப்போம். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் டிசைன் அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவோம், இந்த இதழுக்குச் சிவப்பு, அந்த இதழுக்குப் பச்சை. அப்புறம் அச்சை நேரே மேலே தூக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் கலர் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுவோம். அதன்மேல் கலவையை அப்பிச் சமன் செய்வோம். இப்போது மேலே தெரிவது வெறும் சாம்பல் நிறம். பூ அடியில் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறது. தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்ற பிறகுதான் முகம் தெரியும். பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது, பாலிஷ் இல்லை.

நாள் முழுக்க நான் பார்ப்பது கல்லின் முதுகு மட்டும்தான்.

இதைச் சொல்லி நீங்களும் ஒரு உவமை ஆக்கிவிடாதீர்கள். அதற்குப் பதில் உங்கள் அண்ணனையே பேசச் சொல்லுங்கள். பட்டறையில் உடைந்த துண்டு சும்மா கிடக்கும், ஒரு பை கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, ஆளுக்கொரு துண்டு எடுத்து, அந்த வாரத்தில் உடைந்தது ஒன்றை மனசுக்குள் சொல்லி வைக்கட்டும். பேச வேண்டாம்.

---

ஓரியூர் மணல் · புதன் இரவு 9:01

இருபது வருடமாகச் சூளை உவமையைக் கேட்டு ஆமென் சொல்லியிருக்கிறேன்.

---

கண்டனூர் பொண்ணு · வியாழன் காலை 10:12

கோலம் போனால் போகட்டும், கொட்டான், அதான் பனை ஓலைக் கூடை, அந்தப் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். பனை ஓலையை ஈர்க்கு நீக்கி நறுக்கி ஆளுக்கு நான்கு கொடுங்கள். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரை எழுதி, எல்லா ஓலையையும் சேர்த்து ஒரு சின்னத் தடுக்காகப் பின்னலாம். குருத்தோலை ஞாயிற்றுக்குச் சிலுவை பின்னத் தெரிந்தவர் யாராவது உங்கள் குழுவில் இருப்பார், கை தானாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் இதில் வாத்தியார். பின்னும்போது பேச்சு தானாகக் குறையும், பெயர் உள்ளே போகும்போது ஒருவர் சத்தமாகச் சொன்னால் போதும்.

ஒரு குறிப்பு. ஓலையை முதலில் ஊறவைத்துத் துடைத்து, அப்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுங்கள். நாங்கள் ஜெல் பேனாவில் எழுதிவிட்டுத் தண்ணீரில் போட்டோம். பதினாறு பேர் பெயரும் ஒரே நீலமாகப் போனது.

---

அரியர் கிளியர் · வியாழன் மதியம் 12:40

நான் காலேஜ் பையன். எங்கள் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை. எங்களுக்கு "யூத்துக்கு ஏற்ற மாதிரி" எதுவும் வேண்டாம். ஒரு வேலை கொடுங்கள், அது போதும். 150ஆம் சங்கீதத்தில் எக்காளம், வீணை, தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று லிஸ்ட்டே இருக்கிறது. எங்கள் ஹாஸ்டல் ஜெபத்தில் மானாமதுரைக் கடம் ஒன்று வாங்கினோம். கடம் இல்லாதபோது தண்ணீர்க் கேன். வாசிக்கிறவன் போனைத் தொட முடியாது, அதற்காகவே கொடுத்தார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

---

பழைய பாமாலை · வியாழன் மாலை 6:30

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். சிலதைச் சொல்ல வேண்டும்.

நானும் எங்கள் ஊரில் அந்த 22 நிமிட ஆள்தான். தங்கச்சி கடிகாரம் பார்த்ததாக எழுதியபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் நீளமாக ஜெபிக்கிறோம் தெரியுமா? பாட்டைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், எனக்கு ராகம் தெரியாத பாட்டு. செய்தியை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டார். கடைசி ஜெபம் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் அதற்குள் போட்டுவிடுகிறேன். அந்த ஐயாவிடமிருந்து அதைப் பிடுங்குவதற்கு முன்னால் வேறு ஏதாவது கையில் கொடுங்கள்.

என் சின்ன வயசில் எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒரே ஒரு பாட்டுப் புத்தகம். லாந்தர் வெளிச்சம் அப்பாவுக்கு மட்டும்தான் எட்டும். அவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், நாங்கள் அதையே திருப்பிப் பாடுவோம். சரணம் முடிந்ததும் பல்லவிக்கு எல்லாரும் சேர்ந்து வருவோம். கீர்த்தனை அதற்குத் தோதாகவே அமைந்தது. எழுத்துத் தெரியாத என் பாட்டிக்கு நாற்பது கீர்த்தனைக்கு மேல் மனப்பாடம். அப்புறம் ஆளுக்கொரு புத்தகம் வந்தது, அப்புறம் திரை வந்தது. எல்லாரும் திரையைப் பார்க்கிறோம், பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழுவதில்லை.

அதனால் என் யோசனை இது. 136ஆம் சங்கீதம். இருபத்தாறு வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். அடி எடுத்துக் கொடுக்க ஒருவர், திருப்பிச் சொல்ல எல்லாரும். உங்கள் ஐயாவை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா · வியாழன் மாலை 7:03

ஐயா, அருமை. எங்கள் மொழிபெயர்ப்பில் "என்றும் உள்ளது அவரது பேரன்பு". நாங்களும் இதைச் செய்வோம், ஆனால் ஒரு படி கூடுதலாக. அந்தச் சங்கீதத்தைப் பாருங்கள். வானம், பூமி, சூரியன் என்று தொடங்கி எகிப்து, செங்கடல், சீகோன் ராஜா, ஓக் ராஜா என்று அவர்கள் ஊர்க் கதைக்கு வந்துவிடும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நம் ஊர்க் கதையைச் சொல்லலாம். ஆளுக்கு ஒரு வரி. சீகோனுக்குப் பதில் நம்மை மிரட்டினது எதுவோ அது. கடைசியில் திரும்ப 25, 26ஆம் வசனத்துக்கு வந்து முடிக்கலாம்.

---

கூடாரம் · வியாழன் இரவு 8:20

இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நானே செய்து பார்க்கப் போகிறேன்.

---

முற்றத்து வெயில் · வியாழன் இரவு 10:10

பழைய பாமாலை ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உடைந்த கல், அடுத்த வெள்ளி 136. வந்து சொல்கிறேன்.

---

முற்றத்து வெயில் · சனி காலை 9:30

கல் நேற்று பாதி வெற்றி. பட்டறை அண்ணன் ஒரு சாக்குப் பை நிறையக் கொண்டுவந்தார். பேசவே மாட்டார் என்று நினைத்த மனிதர், அச்சைத் தூக்குவது எப்படி என்று கையை வைத்துக் காட்டி ஐந்து நிமிடம் பேசினார். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் துண்டு எடுத்து மணலில் வைத்தோம். பேச்சே இல்லை. முற்றத்துத் தகரத்தில் பூனை நடப்பது கேட்டது. பாதியில் பையன் ஒருவன் "ஆ" என்றான், விளிம்பு கிழித்துவிட்டது. நர்ஸ் தங்கச்சி ஓடி வந்து கட்டுப் போட்டாள். யாராவது செய்தால் விளிம்பைச் சாணைக் கல்லில் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே ஐயா கடைசியில் வழக்கம்போல ஜெபித்தார். நான் கடிகாரம் பார்க்கவில்லை.

---

கல் பட்டறை · சனி காலை 10:02

விளிம்பைச் சொல்ல மறந்துவிட்டேன் அக்கா. எங்களுக்குக் கை மரத்துப் போயிருக்கும், தெரியாது. தம்பிக்கு எப்படி இருக்கிறது?

---

முற்றத்து வெயில் · சனி காலை 10:15

சின்னக் கீறல்தான். காலேஜில் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறான்.

---

முற்றத்து வெயில் · அடுத்த சனி, காலை 7:20

தூக்கம் வரவில்லை, அதனால் காலையிலேயே எழுதுகிறேன்.

புதன்கிழமையே ஐயா வீட்டுக்குப் போய், "நீங்கள்தான் அடி எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நின்றுகொண்டா, உட்கார்ந்துகொண்டா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சலவைச் சட்டை போட்டு வந்தார். ஸ்டேஷனில் அறிவிப்புக் கொடுத்த குரல் அது, எங்களுக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. மைக்கே வேண்டாம்.

ஓக் ராஜா வரைக்கும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். முதல் வரியை அவரே சொன்னார். "அகலப் பாதை வேலை நடந்தபோது ரயில் இல்லாத ஸ்டேஷனில் என்னைக் காத்தவரை." எல்லாரும், "அவர் கிருபை என்றுமுள்ளது." நர்ஸ் தங்கச்சி, "கொரோனா வார்டிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினவரை." பட்டறை அண்ணன், "சிமெண்ட் விலை ஏறினபோதும் அடுப்பு அணையவிடாதவரை." பையன் ஒருவன், "மூன்று அரியரிலும்" என்று தொடங்கி, "இன்னும் ரிசல்ட் வரவில்லை" என்றான். சிரிப்பு. ஆனாலும் எல்லாரும் கிருபை சொன்னோம்.

அப்பத்தா முறை வந்தது. தலையாட்டிவிடுவார், அடுத்தவருக்குப் போகலாம் என்று இருந்தேன். அவர் தூணில் சாய்ந்தபடி, கண்ணை மூடி, தாலாட்டு ராகத்தில் இழுத்தார். என் வீட்டுக்காரர் எழுதி வைத்தது இது:

ஊருணித் தண்ணி வத்துனப்போ – என்
உதடு நனைச்ச மகராசா
கூரை பிரிஞ்ச ஐப்பசியில் – என்
குஞ்சு காத்த மகராசா

எங்களுக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. ஐயாதான் மெதுவாக, அதே ராகத்தில், "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அப்பத்தா நிறுத்தவில்லை. பர்மாவிலிருந்து திரும்பி வராத அவர் மாமனாரைப் பற்றி ஒன்று, செத்துப்போன மூத்த மகனைப் பற்றி ஒன்று, ரேஷன் அரிசியைப் பற்றி ஒன்று. பதினொன்றோ பன்னிரண்டோ வரி. பையன்களில் ஒருவன் தரையில் விரலால் தாளம் போட்டான். போன் எங்கே இருந்ததோ தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேர் அழுதார்கள், பட்டறை அண்ணன் முற்றத்துக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

25, 26 வாசித்து முடித்தோம். கடைசி ஜெபம் வேண்டாம் என்று ஐயாவே சொல்லிவிட்டார். "சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்றே" என்றார்.

---

பழைய பாமாலை · சனி காலை 7:55

தங்கச்சி, அந்த மாமனார் வரியையும் எழுதி வைத்தீர்களா?

---

முற்றத்து வெயில் · சனி காலை 8:10

இல்லை ஐயா, அதற்குள் என் வீட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நைட் டூட்டி தங்கச்சியின் விதிப்படி, இங்கே எழுதினதுக்கும் நேற்றே அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டேன். "எழுதிக்க, என் பேரு மட்டும் போடாதே" என்றார்.

இன்னொன்று. முடிக்கும்போது மணி 9:10. கதவைத் திறந்தால் நடையில் ஆச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. "நேரமாயிருச்சு ஆச்சி, மன்னிச்சுக்கங்க" என்றேன். "அது கெடக்கட்டும். தாலாட்டுப் பாடினது யாரு?" என்றார்கள். அப்பத்தாவைக் காட்டினேன். இரண்டு பேரும் நடையில் நின்று பேசத் தொடங்கிவிட்டார்கள், பர்மாவில் எந்த ஊர் என்று. அப்பத்தாவை வீட்டில் கொண்டுவிடும்போது மணி பத்து.

அடுத்த வெள்ளி எட்டரைக்குச் சரியாக முடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.